கழித்தது போக மிச்சம்

நியூஜெர்சியில், பைன் காடுகளுக்கு நடுவே இருந்த ஓர் ஆராய்ச்சிப் பண்ணையில் சேர்ந்தபோது எனக்கு முதலில் கொடுத்த வேலை, தின்பது. ஜூன் மாதக் காலையில் இலைகளின் ஈரம் காய்ந்ததும் ப்ளூபெர்ரி வரிசையின் ஒரு முனையிலிருந்து ஆரம்பிப்போம். ஒவ்வொரு புதரிலும் நாலைந்து பழம் பறிக்க வேண்டும். காம்பு விட்டுப்போன இடத்தில் தோல் கிழிந்திருக்கிறதா, சாறு கசிகிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு விரலுக்கு நடுவே வைத்து அமுக்க வேண்டும். பிறகு வாயில் போட்டு மென்று, துப்பிவிட்டு, நோட்டில் ஓர் எண் எழுத வேண்டும். ஒன்று என்றால் குப்பை. ஒன்பது என்றால் அபூர்வம். பதினோரு மணிக்குள் நாக்கு மரத்துவிடும். புளிப்பும் இனிப்பும் ஒன்றாகத் தெரியும். உப்பு பிஸ்கட்டைக் கடித்து, தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் தொடருவோம்.

சட்டைப் பையில் ஆரஞ்சு நிற ரிப்பன் சுருள் ஒன்று இருக்கும். வைத்துக்கொள்ள வேண்டிய புதருக்கு மட்டும் ஒரு முடிச்சு. முடிச்சு இல்லாததெல்லாம் பருவம் முடிந்ததும் வேரோடு பிடுங்கப்படும். புதிதாக வருபவர்கள் எல்லோரும் தாராளமாகத்தான் ரிப்பன் கட்டுவார்கள். என் மேலாளர் அதிகம் பேசாதவர். பின்னாலேயே வந்து முடிச்சுகளை அவிழ்த்துக்கொண்டு போவார். "இது சுமார். சுமாரான பழம் கடையில் ஏற்கெனவே இருக்கிறது" என்பதோடு விளக்கம் முடிந்துவிடும். காலை முழுக்க நடந்தும் சுருளை வெளியே எடுக்காமலே அவர் திரும்பிய நாட்கள் உண்டு. பத்தாயிரம் நாற்று நட்டு, அதில் ஒன்று ரகமாகத் தேறினால் பெரிய விஷயம் என்பது இந்தத் தொழிலில் புழங்கும் கணக்கு. புதிய பழத்தைக் கண்டுபிடிக்கும் வேலை என்று வெளியே சொல்லிக்கொள்வோம். உள்ளே நடப்பது பெரும்பாலும் கழித்துக்கட்டும் வேலை.

குன்னூரிலிருந்து அம்மா டிரங்க் காலில் கேட்டாள்: "தின்னுறதுக்கா சம்பளம் தர்றாங்க?" ஆமாம் என்றேன். "அது என்னடி பழம்? நாவப்பழமா, களாக்காயா?" இரண்டும் இல்லை, நம் மலையில் சிவப்பாகப் பூக்குமே காட்டுப்பூவரசு, அதற்குச் சொந்தம் என்றேன். "அதுல ஏது பழம்?" என்றாள். சரியான கேள்விதான். காட்டுப்பூவரசில் சதைப்பற்றுள்ள பழம் கிடையாது. ஆனால் நீலகிரிச் சோலைகளிலேயே ப்ளூபெர்ரியின் இன்னும் நெருங்கிய உறவுகள் இருக்கின்றன. வாக்சினியம் லெஷனால்ட்டி, வாக்சினியம் நீல்கெரென்ஸே என்று இரண்டு இனங்கள். புதுச்சேரியிலிருந்து புறப்பட்டு இந்த மலைகளில் செடி சேகரித்த பிரெஞ்சுக்காரர் லெஷனால்ட்டின் பெயரை முன்னதற்கு வைத்தவர், சென்னை மாகாணத்தில் மருத்துவராக இருந்த ராபர்ட் வைட். இதையெல்லாம் நான் தெரிந்துகொண்டது நியூஜெர்சிக்குப் போன பிறகு, அங்கிருந்த நூலகத்தில். சிறுமியாக இருந்தபோது அந்த மரத்தடியில் எத்தனையோ முறை நடந்திருப்பேன். கண் தேடியதெல்லாம் தவிட்டுப்பழத்தை.

அப்பா தேயிலைத் தோட்டத்தில் பீல்டு ஆபீசர். அவருக்கு ஏரோகிராமில் மண்ணைப் பற்றி எழுதினேன். வெள்ளை மணல்; பிஎச் நாலு, நாலரை; ஓடைத் தண்ணீர் கறுப்புத் தேநீர் நிறத்தில் ஓடும்; சோளமும் கோதுமையும் விளையாததால், வந்து குடியேறிய ஐரோப்பியர்கள் அந்தப் பகுதிக்கே தரிசு என்று பெயர் வைத்துவிட்டார்கள். அப்பாவின் பதில் நான்கு வரி. தேயிலையும் புளித்த மண்ணில்தான் வளரும், ஆனால் நாலரைக்குக் கீழே போனால் டோலமைட் போடுகிறோம். உங்கள் ஊரில் போடுவதில்லையா?

போடுவதில்லை. போட்டால் செடி செத்துவிடும். இதைக் கண்டுபிடித்ததிலிருந்துதான் ப்ளூபெர்ரி சாகுபடியே ஆரம்பிக்கிறது. நெல்லும் கோதுமையும் மனிதன் கைக்கு வந்து பல ஆயிரம் ஆண்டுகள் ஆகின்றன. ப்ளூபெர்ரி காட்டிலிருந்து தோட்டத்துக்கு வந்து நூற்றுச் சொச்சம் ஆண்டுதான். அதற்கு முன்பும் ஆட்கள் முயன்றார்கள். காட்டிலிருந்து புதரைத் தோண்டி வந்து, வீட்டுத் தோட்டத்தின் நல்ல மண்ணில் வைத்து, தொழு உரமும் சுண்ணாம்பும் போட்டு அன்போடு வளர்த்தார்கள். அது மஞ்சளாகி, சுருண்டு, செத்தது. அமெரிக்க வேளாண் துறையின் தாவரவியலாளர் ஃப்ரெடரிக் கொவில், தன் சோதனைகளை 1910-இல் சிறு நூலாக வெளியிட்டார். இந்தச் செடிக்கு வேண்டியது புளித்த, சத்துக் குறைந்த, மட்கிய இலையும் வேரும் கலந்த மண். சுண்ணாம்பு இதற்கு விஷம். வேரில் வேர்த்தூவிகள் இல்லை, அந்த வேலையைக் கூடவே வாழும் பூஞ்சைதான் செய்கிறது என்று அதில் இருந்தது. எங்கள் பண்ணையில் அந்த நூலின் பிரதி ஒன்று அட்டை பிய்ந்து கிடந்தது. அதற்குப் பிறகு வந்த நூற்றுக்கணக்கான ஆய்வுக் கட்டுரைகளில் இந்த அளவுக்குத் தெளிவாக எழுதப்பட்டவை குறைவு.

அந்த நூலைப் படித்துவிட்டு 1911-இல் கொவிலுக்குக் கடிதம் எழுதியவர் எலிசபெத் வைட். வைட்ஸ்பாக் என்ற ஊரில் கிரான்பெர்ரி பயிரிட்ட ஜோசப் வைட்டின் மகள். உங்கள் சோதனைக்கு எங்கள் நிலத்தைத் தருகிறோம் என்றார். நிலத்தைவிடப் பெரிதாக ஒன்றையும் தந்தார்: அந்தக் காட்டில் வாழ்ந்த மனிதர்களின் கண்ணை. பைன் காட்டுக்காரர்களை அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் மட்டமாக நினைத்த காலம் அது. ஆனால் எந்தப் புதரில் பெரிய பழம் காய்க்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். ஆண்டுதோறும் அதே புதருக்குப் போய்ப் பறிப்பவர்கள் அல்லவா? எலிசபெத் அவர்களிடம் ஓர் அளவுகோலைக் கொடுத்தார். அலுமினியத் தகட்டில் ஒரு துளை, விட்டம் அங்குலத்தில் எட்டில் ஐந்து, சுமார் 16 மில்லிமீட்டர். துளைக்குள் நுழையாத பழம் காய்க்கும் புதரைக் காட்டினால் பணம். அதோடு, புதருக்குக் கண்டுபிடித்தவரின் பெயர்.

அந்தப் பெயர்கள் இன்றும் எங்கள் பதிவேடுகளில் இருக்கின்றன. சூய், கிரோவர், ஹார்டிங், ஆடம்ஸ், டன்ஃபீ. சாம் என்ற புதர், சாம் லெமன் கொண்டுவந்தது. எலுமிச்சை என்று பொருள்படும் பெயரை ஒரு ப்ளூபெர்ரிக்கு எப்படி வைப்பது என்று முதல் பெயரோடு நிறுத்திக்கொண்டார்கள். ரூப் லீக் என்பவர் காட்டிய புதர்தான் எல்லாவற்றிலும் சிறந்ததாக அமைந்தது. லீக் என்றால் அங்கே வெங்காயக் குடும்பத்துக் காய். ரூப் என்றால் பட்டிக்காட்டான். முதல் பெயரோடு இரண்டாவதன் முதல் எழுத்தை ஒட்டி 'ரூபெல்' ஆக்கினார் கொவில். 1916-இல் வைட்ஸ்பாக்கிலிருந்து முதல் விற்பனைப் பழம் சந்தைக்குப் போனது.

ரூபெல் இன்றும் பயிரிடப்படுகிறது என்பதை நான் மாணவர்களிடம் சொல்லும்போது அவர்கள் நம்பமாட்டார்கள். காட்டிலிருந்து அப்படியே எடுத்து வந்த செடி, எந்தக் கலப்பும் இல்லை, நூறு ஆண்டு கழித்தும் நாற்றங்காலில் விற்கிறது. பழம் சிறியதுதான். ஆனால் நிறமும் மணமும் அடர்த்தி. நான் சுவைத்த ரகங்களில் வீட்டுக்குக் கொண்டுபோக விரும்பியவை சில. அதில் ரூபெல் ஒன்று. அதன் ரத்தம் மற்றவற்றிலும் ஓடுகிறது. ரூபெலையும் கிரோவரையும் சேர்த்ததில் ஜெர்சி பிறந்தது. நியூ ஹாம்ப்ஷயரில் கொவில் தேர்ந்தெடுத்த புரூக்ஸ் என்ற காட்டுப் புதரையும் சூயையும் சேர்த்ததில் பயோனியர். இவற்றின் வாரிசாக 1952-இல் வெளியான ப்ளூகிராப், பல பத்தாண்டுகள் உலகமெங்கும் அதிகம் நடப்பட்ட ரகம். வம்சாவளியைக் காகிதத்தில் வரைந்தால் ரூபெல் இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து நிற்கும், நம் ஊரில் அத்தை மகன் மாமன் மகள் கல்யாணத்தில் ஒரே தாத்தா வந்து நிற்பதைப்போல. ஒரு கைப்பிடிப் புதர்களின் மேல் ஒரு பயிரையே கட்டியிருக்கிறார்கள். மரபியல் படித்த எவருக்கும் இது கவலை தரும். அதே சமயம், அந்தக் கைப்பிடியைப் பொறுக்கிய காட்டுவாசிகளின் தீர்ப்பு எவ்வளவு சரியாக இருந்திருக்கிறது என்ற வியப்பும் வரும். படிப்பும் ஆய்வுக்கூடமும் உள்ள நாங்கள் கழித்த லட்சக்கணக்கான நாற்றுகளுக்கு நடுவே அவர்களது தேர்வுகள் நிற்கின்றன.

குளிர்கால வேலை வேறு. பிப்ரவரியில் வெளியே பனி கிடக்க, கண்ணாடிக் கூடத்துக்குள் பூக்க வைத்த செடிகளின் முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்திருப்போம். ப்ளூபெர்ரிப் பூ கவிழ்த்த சிறு குடுவை மாதிரி தொங்கும். திறப்பதற்கு முன்பே இடுக்கியால் இதழ்க் குழாயையும் மகரந்தப் பைகளையும் கிள்ளி எடுத்துவிட்டால் சூலகத் தண்டு மட்டும் குச்சியாக நிற்கும். தந்தைச் செடியின் பூவை விரல்களுக்கு நடுவே உருட்டி, தட்டி, மகரந்தத்தைக் கட்டைவிரல் நகத்தின் மேல் விழ வைக்க வேண்டும். பிறகு அந்த நகத்தைச் சூலக முடியில் தொட்டு எடுக்க வேண்டும். இவ்வளவுதான். இதற்கு ஒரு கருவி உண்டா என்று வருகிறவர்கள் கேட்பார்கள். நகத்தைவிடத் தோதான கருவியை இதுவரை யாரும் கொண்டுவரவில்லை. அந்த மாதங்களில் நகப்பூச்சு போட்டுக்கொண்டு வரக் கூடாது என்பது எங்கள் கூடத்தின் எழுதாத சட்டம்.

காட்டில் இதைச் செய்வது வண்டு போலப் பருத்த பம்பிள் தேனீ. மகரந்தப் பையின் நுனியில் சிறு துவாரம் மட்டும் இருப்பதால் தூள் தானாகக் கொட்டாது. அந்தத் தேனீ பூவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, இறக்கையை அசைக்காமல் மார்புத் தசையை மட்டும் அதிர வைக்கும். மகரந்தம் பொலபொலவென்று அதன் வயிற்றில் விழும். நாம் வளர்க்கும் பெட்டித் தேனீக்கு இந்த வித்தை தெரியாது. ஆனாலும் விவசாயிகள் லாரி லாரியாகப் பெட்டித் தேனீயைத்தான் வாடகைக்குக் கொண்டுவருகிறார்கள். திறமையை எண்ணிக்கையால் ஈடுகட்டுகிறார்கள்.

கலந்த பழம் பழுத்ததும் விதை எடுக்க வேண்டும். கண்ணுக்குச் சட்டென்று புலப்படாத பொடி விதை. பீட் பாசியின் மேல் தூவி, மூடாமல் வெளிச்சத்தில் வைத்தால் முளைக்கும். நாற்றாகி, வயலுக்குப் போய், முதல் பழத்தை வாயில் போட மூன்று நாலு ஆண்டு. தேறியதைக் குச்சி வைத்துப் பெருக்கி, வேறு வேறு ஊர்களில் நட்டு, நல்ல ஆண்டு கெட்ட ஆண்டு எல்லாம் பார்த்து முடிக்கப் பன்னிரண்டு, பதினைந்து ஆண்டு. ஒருவரது பணிக்காலத்தில் இந்தச் சுற்று இரண்டு முறை வந்தால் அதிர்ஷ்டம். என் பெயர் சொல்லும் ரகம் ஒன்றும் கிடையாது. நான் செய்த கலப்புகளின் பேரப்பிள்ளைகள் சில, மற்றவர்களுடைய ரகங்களின் வம்சாவளியில் வெறும் எண்களாக இருக்கின்றன. அந்த எண்கள் எதைக் குறிக்கின்றன என்று தெரிந்தவர்கள் குறைந்துகொண்டு வருகிறார்கள்.

கொவில் செய்த சோதனைகளில் எனக்கு மிகவும் பிடித்தது மண்ணைப் பற்றியதல்ல, குளிரைப் பற்றியது. குளிர்காலத்தில் ஒரு செடியைச் சூடான கண்ணாடிக் கூடத்தில் வைத்துக்கொண்டு, ஒரே ஒரு கிளையை மட்டும் துளை வழியே வெளியே பனியில் நீட்டிவிட்டார். வசந்தத்தில் வெளியே குளிரில் கிடந்த கிளை துளிர்த்தது. உள்ளே சுகமாக இருந்த கிளைகள் உறங்கியே கிடந்தன. 1920-இல் இதைப் பிரசுரித்தார். செடி எழுந்திருக்க வெப்பம் மட்டும் போதாது. அதற்கு முன் போதுமான குளிரை அனுபவித்திருக்க வேண்டும். வடக்கத்தி ரகங்களுக்கு ஏழு டிகிரிக்குக் கீழே எண்ணூறு, ஆயிரம் மணி நேரம் வேண்டும். மிஷிகனுக்கும் நியூஜெர்சிக்கும் அது பிரச்சினையே இல்லை. அதற்குத் தெற்கே போகப் போக ப்ளூபெர்ரிக்குக் கதவு அடைபட்டிருந்தது.

அந்தக் கதவைத் திறந்தவர் ஃப்ளோரிடாவின் ரால்ஃப் ஷார்ப். அங்கே மணல்காட்டில் முழங்கால் உயரத்துக்கு ஒரு பசுமை மாறாச் செடி உண்டு. வாக்சினியம் டாரோவி. பெர்ரி ஆராய்ச்சியில் கொவிலுக்கு அடுத்து வந்த ஜார்ஜ் டாரோவின் பெயர் அதற்கு. பழம் சின்னது. இலை சாம்பல் நீலம். குளிர் ஏறத்தாழ வேண்டவே வேண்டாம். அதை வடக்கத்திச் செடியோடு சேர்க்கலாம் என்றால் கணக்கு உதைத்தது. அதில் 24 குரோமோசோம், வடக்கத்தியில் 48. இரண்டுக்கும் பிறப்பது மலடாகத்தான் இருக்க வேண்டும் என்று பாடப் புத்தகம் சொல்லும். ஆனால் எப்போதாவது ஒரு மகரந்தத் துகளோ முட்டையோ பாதியாகப் பிரியாமல் முழுக் குரோமோசோமோடும் உருவாகிவிடும். அப்படி ஒரு பிழை நேர்ந்தால் கணக்கு நேராகிவிடுகிறது. பிள்ளைக்கு 48 கிடைக்கிறது, வளமாகவும் இருக்கிறது. ஆயிரம் பூக்களைத் தொட்டு, கிடைத்த ஒன்றிரண்டு விதைகளை வளர்த்துத்தான் தெற்கத்தி ரகங்கள் வந்தன. எழுபதுகளின் நடுவில் வெளியான ஷார்ப்ப்ளூ அவற்றில் முன்னோடி. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எங்கள் நியூஜெர்சி விவசாயிகள் அதை ஒரு வேடிக்கையாகத்தான் பேசினார்கள். ஏப்ரலில் பழமா, யார் வாங்குவார்கள் என்றார்கள்.

ஏப்ரல் எங்களுக்குப் பழ மாதமல்ல, பயப்படும் மாதம். பூ விரிந்திருக்கும் நேரத்தில் பின்னிரவுக் குளிர் பூஜ்ஜியத்துக்குக் கீழே போகும். வெப்பமானியைப் பார்த்துக்கொண்டே கார்களில் விழித்திருப்போம். பூஜ்ஜியத்தைத் தொடும் முன் தெளிப்பான்களைத் திறந்துவிட வேண்டும். உறையும் குளிரில் செடிமேல் தண்ணீர் அடிக்கிறார்களே என்று புதியவர்கள் பதறுவார்கள். ஒரு கிராம் தண்ணீர் உறையும்போது சுமார் 80 கலோரி வெப்பத்தை விடுகிறது. தண்ணீர் விழுந்து உறைந்துகொண்டே இருக்கும்வரை பனிக்கட்டிக் கூட்டுக்குள் பூ பூஜ்ஜியத்திலேயே நிற்கும், கருகாது. ஆனால் ஆரம்பித்துவிட்டால் நிறுத்தக் கூடாது. சூரியன் ஏறி, கட்டி உருகி உதிரும்வரை பம்ப் ஓட வேண்டும். நடுவில் டீசல் தீர்ந்தால், ஆவியாகும் தண்ணீர் இருக்கிற வெப்பத்தையும் உறிஞ்சிக்கொண்டு போகும். தண்ணீரே அடிக்காமல் விட்டிருந்தால் தப்பியிருக்கக்கூடிய பூவும் அப்போது போகும்.

நோய்களைப் பற்றி எழுதினால் இந்தக் கட்டுரை முடியாது. ஒன்றை மட்டும் சொல்லாமல் விட மனமில்லை. மம்மி பெர்ரி என்று ஒரு பூஞ்சை. போன ஆண்டு விழுந்த காய்ந்த பழத்திலிருந்து வசந்தத்தில் சின்னக் கிண்ணம் போன்ற காளான் முளைக்கும். அதன் வித்துகள் இளந்தளிரைத் தாக்கி, இலையைக் கருக வைக்கும். கருகிய இலை ஏதோ கெட்டுப்போனது போலக் கிடப்பதில்லை. இனிப்பாக மணக்கும், புறஊதா ஒளியைப் பூவைப் போலவே பிரதிபலிக்கும். பூச்சி அதைப் பூ என்று நம்பி வந்து உட்காரும். அங்கே ஒட்டும் பூஞ்சை வித்தைச் சுமந்துகொண்டு போய் நிஜப் பூவின் சூலக முடியில் வைக்கும். மகரந்தக் குழாய் இறங்கும் வழியிலேயே பூஞ்சையும் இறங்கி, காய்க்குள் குடியேறி, பழத்தைச் சதையற்ற சாம்பல் உருண்டையாக்கித் தரையில் தள்ளும். பாத்ரா தம்பதியர் 1985-இல் இதை விளக்கி எழுதியபோது எங்கள் பண்ணையில் எல்லோரும் கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு வரிசைகளுக்கு நடுவே கருகிய இலையை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு விரோதியை இவ்வளவு ரசித்தது அந்த ஒரு முறைதான்.

ஜூலையில் பறிப்பவர்கள் வருவார்கள். என் காலத்தில் பெரும்பாலும் மெக்சிகோவிலிருந்து. எடைக்குக் கூலி. வாளியை இடுப்பில் கட்டிக்கொண்டு இரண்டு கையாலும் பறிப்பார்கள். எங்கள் சோதனை வரிசைகளுக்குள் விட்டதும் அவர்கள் எந்தப் பக்கம் ஓடுகிறார்கள் என்று கவனிக்கக் கற்றுக்கொண்டேன். சில தேர்வுகளுக்கு நாங்கள் எட்டு மதிப்பெண் போட்டிருப்போம்; அவர்கள் அந்தப் புதரை விட்டு விலகிப் போவார்கள். வயதான ஓர் அம்மாவிடம் காரணம் கேட்டேன். கொத்து நெருக்கம், பழுத்ததைத் தொட்டால் பச்சையும் சேர்ந்து வருகிறது, வேகம் குறைகிறது என்று கையாலேயே காட்டினார். அதன்பிறகு நோட்டில் ஒரு புதிய பத்தி சேர்த்தேன்: கொத்தின் தளர்வு. எலிசபெத் வைட்டின் துளைத் தகட்டுக்குப் பிறகு இந்தத் துறைக்குள் வெளியாள் கொண்டுவந்த உருப்படியான அளவுகோல் அதுதான் என்று எனக்கு ஓர் எண்ணம். சகாக்கள் ஒப்புக்கொள்ளமாட்டார்கள்.

வேறு அளவுகோல்கள் அவர்களிடமிருந்து வரவில்லை; லாரியிலிருந்து வந்தன. வரிசையின் மேல் ஏறிச் சென்று கம்பிகளால் உலுக்கிப் பறிக்கும் இயந்திரம் பரவியதும், அந்த வீழ்ச்சியைத் தாங்கும் பழம் கேட்டார்கள். கடையில் மூன்று வாரம் கல்லாக இருக்கும் பழம் கேட்டார்கள். அமுக்கிப் பார்க்கும் வேலையை விரலிடமிருந்து ஒரு கருவி பிடுங்கிக்கொண்டது. உறுதி, அளவு, காம்புத் தழும்பு, மேலே படிந்த வெண்பூச்சு, பிறகு சுவை என்று பத்திகளின் வரிசை மாறியது. வெண்பூச்சுக்கு ஒரு நியாயம் உண்டு. ப்ளூபெர்ரியின் தோலில் நீல நிறமி இல்லை. நசுக்கினால் சிவப்பும் ஊதாவுமாகத்தான் சாறு வரும். மேலே உள்ள மெழுகின் நுண்ணிய அமைப்பு நீல ஒளியைச் சிதறடிப்பதால்தான் நீலமாகத் தெரிகிறது என்று 2024-இல் பிரிஸ்டல் பல்கலைக்கழகக் குழு காட்டியிருக்கிறது. அதைத் துடைக்காமல் வாங்குபவரிடம் சேர்ப்பது நல்ல காரியம். ஆனால் சுவை கடைசிப் பத்திக்குப் போனதை நான் ஒருநாளும் ஏற்கவில்லை. கூட்டங்களில் சொல்வேன். எல்லோரும் தலையாட்டுவார்கள். பிறகு உறுதியின் வரைபடத்தைத் திரையில் போடுவார்கள்.

இன்னொரு மாற்றம் சத்தமில்லாமல் வந்தது. ரூபெல், ஜெர்சி, ப்ளூகிராப் எல்லாம் யார் வேண்டுமானாலும் குச்சி வைத்துப் பெருக்கிக்கொள்ளலாம் என்று கொடுக்கப்பட்டவை. செடிக்குக் காப்புரிமை தரும் சட்டம் அமெரிக்காவில் 1930-லேயே வந்துவிட்டது. இருந்தும் அரசு ஆய்வாளர்கள் அதைத் தேடிப் போகவில்லை. 1980-இல் வந்த பே-டோல் சட்டம், அரசுப் பணத்தில் பிறந்த கண்டுபிடிப்புக்குப் பல்கலைக்கழகங்களே உரிமை எடுத்துக்கொள்ள வழி செய்தது. ஒவ்வொரு புதிய ரகத்துக்கும் காப்புரிமை, செடிக்கு இவ்வளவு என்று கட்டணம் என்றானது. பிறகு தனியார் நிறுவனங்கள் வந்தன. எங்கள் செடியை நட்டால் எங்களிடம்தான் பழம் விற்க வேண்டும் என்றன. பக்கத்து மாநிலத்து நண்பரிடம் முன்பெல்லாம் ஒரு உறை நிறைய மகரந்தம் கேட்டு வாங்குவேன். பிற்காலத்தில் அதற்கு வக்கீல் எழுதிய ஒப்பந்தம் போட வேண்டியிருந்தது. ஆராய்ச்சிக்கு அந்தக் கட்டணம்தான் சம்பளம் கொடுத்தது என்பதையும் சொல்ல வேண்டும். நானும் அதில் சாப்பிட்டவள்தான்.

ஆனாலும் என் காலத்தின் மிகப்பெரிய ப்ளூபெர்ரி விஷயம் காப்புரிமை இல்லாத ஒரு செடியால் நடந்தது. மிசிசிப்பியில் இருந்த வேளாண் துறை நிலையம் 1998-இல் பைலாக்சி என்று ஒரு தெற்கத்தி ரகத்தை வெளியிட்டது. அமெரிக்காவில் அதை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. பழம் நடுத்தரம், சீக்கிரம் பூத்துவிடும், பனியில் மாட்டும். அது பெருவின் கடற்கரைப் பாலைவனத்துக்குப் போனது. அங்கே பனியே கிடையாது, மழையும் கிடையாது. மலையிலிருந்து கால்வாயில் வரும் தண்ணீரும் சொட்டுநீரும் இருந்தன. குளிர் கேட்காத செடி உறங்கவே இல்லை; இலை உதிர்க்காமல் காய்த்தது. எப்போது கவாத்து செய்கிறோமோ அதற்கேற்ப, அமெரிக்காவில் பழம் இல்லாத மாதங்களில் பறிக்க முடிந்தது. 2010 வாக்கில் பெயருக்குக்கூட ப்ளூபெர்ரி இல்லாத நாடு, பத்து ஆண்டு கழித்து உலகின் முதல்நிலை ஏற்றுமதி நாடு. எங்கள் மேலாளர் இருந்திருந்தால் பைலாக்சிக்கு ரிப்பன் கட்டியிருக்கமாட்டார். நானும் கட்டியிருக்கமாட்டேன். நியூஜெர்சி வயலில் நின்று பார்த்தால் அது கழிக்க வேண்டிய செடிதான்.

அதே ஆண்டுகளில் எங்கள் விவசாயிகளுக்கு வேறொரு அடி விழுந்தது. ஆசியாவிலிருந்து வந்த ஒரு சின்னப் பழ ஈ. 2008-இல் கலிஃபோர்னியாவில் தென்பட்டு, சில ஆண்டுகளில் கிழக்குக் கரைக்கும் வந்துவிட்டது. மற்றப் பழ ஈக்கள் அழுகிய பழத்தைத் தேடும். இதன் பெண் ஈக்கு முட்டையிடும் குழாயில் ரம்பப் பல் இருப்பதால், பழுத்துவரும் நல்ல பழத்தையே அறுத்து உள்ளே முட்டை வைக்கும். குறைவாக மருந்தடித்துத் தப்பிவந்த பண்ணைகள் வாரம் தவறாமல் அடிக்க ஆரம்பித்தன. என் கடைசி ஆண்டுகள் பெரும்பாலும் இதற்கே போயின. அதைப் பற்றிச் சுவையாகச் சொல்ல ஒன்றும் இல்லை.

ஓய்வு பெற்றுக் குன்னூருக்கு வந்த பிறகு, கோவை சூப்பர் மார்க்கெட்டில் பெருவிலிருந்து வந்த 125 கிராம் டப்பாவைப் பார்த்தேன். விலையைப் பார்த்துவிட்டு வைத்துவிட்டேன். காம்புத் தழும்பைப் பார்க்காமல் வைக்க முடியவில்லை. கோத்தகிரியில் சித்தப்பா மகன் தேயிலை விலை கட்டுப்படியாகாமல் தவிக்கிறான். அந்த டப்பாவின் விலைதான் அவன் கண்ணையும் திறந்திருக்கிறது. "அக்கா, ஒரு ஏக்கர்ல போடலாமா?" என்றான். மண் சரி என்றேன். ஆனால் எந்தக் காட்டில் எத்தனை முறை டோலமைட் போட்டிருக்கிறாய், அதை முதலில் சொல். குளிர் போதாது, இங்கே குளிர்காலத்திலும் ஏழு டிகிரிக்குக் கீழே அதிக நேரம் இறங்குவதில்லை. அதனால் வடக்கத்தி ரகத்தை யாராவது மலிவாகத் தருகிறேன் என்றால் வாங்காதே. பைலாக்சி வை, யாருக்கும் கட்டணம் கட்ட வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் பழம் பழுத்தால் வெடிக்கும். மாசி, பங்குனியில் பழுக்கிற மாதிரி கவாத்து செய்ய வேண்டும். அதை உன் தோட்டத்தில் நீயே சில ஆண்டு பார்த்துத்தான் கண்டுபிடிக்க முடியும், நான் சொல்ல முடியாது.

"கொண்டைக்குருவி?" என்றான். அதைக் கேட்பான் என்று எதிர்பார்த்தேன். வலை கட்டாமல் ஒரு பழம்கூட மிஞ்சாது என்றேன். ஏக்கருக்கு வலை என்ன விலை ஆகும் என்று அங்கேயே நின்று போனில் விசாரித்தான். செடி விலையைவிட வலை விலை அதிகமாக வந்தது. கால் ஏக்கரில் ஆரம்பிக்கலாமா என்று இப்போது கேட்டுக்கொண்டிருக்கிறான்.